முகத்துவாரம் யாருடைய இலாகா

மத்திய அமைச்சர்கள் பதவியேற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். நிம்மதியாக எண்ண விடமாட்டார்கள். வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். ஒரு ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்கி இருபதை எட்டும்போது படம் பிடிப்பவர் கொடிமரத்துக்கோ விருந்தினர் வரிசைக்கோ போய்விடுவார். திரும்பி வரும்போது எந்தத் தலையில் விட்டேன் என்பது மறந்திருக்கும். அப்புறம் ஒவ்வொருவரும் எழுந்து வந்து உறுதிமொழி எடுக்கும்போது முதலிலிருந்து எண்ண வேண்டும். முன்னால் வருகிறவர்கள் கேபினட் அமைச்சர்கள். அடுத்தவர்கள் தனிப்பொறுப்பு உள்ள இணை அமைச்சர்கள். கடைசியில் வெறும் இணை அமைச்சர்கள். எனக்கு மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். நம் மாநிலத்துக்கு எத்தனை பேர் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு கை விரல்களே மிஞ்சும்.

இது தொழில் தந்த வியாதி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையின் டைம் ஆபீசில் உத்தியோகம் முழுவதையும் கழித்தவன் நான். வாசலில் உட்கார்ந்து ஷிஃப்டுக்கு உள்ளே போகிற தலைகளை எண்ணுவேன். வெளியே வருகிற தலைகளையும் எண்ணுவேன். இரண்டும் பொருந்தாவிட்டால் உள்ளே யாரோ தூங்குகிறான் என்று பொருள், அல்லது உலைப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். கல்லூரியில் படித்ததோ அரசியல் விஞ்ஞானம். மக்களவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது. உச்சவரம்பு என்று ஒன்று வைத்தால் யாராவது எண்ணித்தானே ஆக வேண்டும்?

"அத்த எண்றதுக்கு டில்லில ஆளே இல்லியா?" என்பாள் என் மனைவி. "கும்மிடிப்பூண்டிலேர்ந்துதான் எண்ணணுமா? அங்க பாலு பொங்கிக்கினு கீது, அத்த எண்ணுங்க."

நான் சொல்ல வந்தது என் தம்பியைப் பற்றி. ஒரு தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை பதவியேற்ற அன்று சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து மின்சார ரயில் ஏறி வந்திருந்தான். எப்போது வந்தாலும் கையில் ஒரு பை நண்டாவது இருக்கும். அன்று கை வெறுமையாக இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

"ணா, நம்ம ஏரிய யாரு கைல குடுத்தாங்க?"

எங்கள் குடும்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தைச் சேர்ந்தது. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரம் எங்கள் குப்பத்துக்குப் பக்கம். அலை ஏறும்போது கடல் தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும், அதோடு இறால் வரும். ஏறும் நீருக்கும் வடியும் நீருக்கும் குறுக்கே கழி ஊன்றி வலை கட்டுவார்கள். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்கிற முறைக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு முறை அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இன்று நல்ல இடம் பிடித்தவன் நாளைக்கு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். எவனும் ஒரே இடத்தில் கழியோடு கழியாக நின்றுவிட முடியாது. அந்தப் பாட்டு முறையில் பெயர் இருக்க வேண்டுமென்றால் கல்யாணம் ஆனவனாக இருக்க வேண்டும், ஊரில் குடியிருக்க வேண்டும், சொந்தமாகப் படகும் வலையும் வைத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெயரை எடுத்துவிடுவார்கள். நான் ஆலையில் சேர்ந்த வருஷம் என் பெயரை எடுத்தார்கள். மாதச் சம்பளக்காரனுக்கு இறால் எதற்கு என்று நானே வாயால் சொன்னேன். ஆனாலும் அந்த வருஷம் சீட்டு எடுத்த நாளன்று வாசலில் தலைகளைத் தப்பாக எண்ணிவிட்டு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

தம்பி அந்த ஊரிலேயே இருந்தவன். அவன் பெயர் பாட்டில் இருந்தது. ஆனால் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டு வந்தது. அரசாங்கம் இயந்திரம் வைத்து வாரிவிடும், அடுத்த காற்றுக்கு மறுபடி மூடும். வாய் மூடினால் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. கழியில் வலை துணி காயப்போட்டதுபோலத் தொங்கும். தம்பி மகன் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி வரும் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். படகை விற்றுவிடலாம் என்று அப்பனை அரித்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஒரு வருசம் பாக்கலாம்னு சொல்லிக்கீறேன்ணா," என்றான் தம்பி. "வாயி தொறந்துட்டா படகு கைல நிக்கும். படகு போச்சுன்னா பாட்டுல எம்பேரு போயிரும். அப்பறம் அந்த ஊர்ல நான் யாரு, சொல்லு?"

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்றை வந்ததுமே கேட்டிருந்தான் அல்லவா, அதற்குப் போனேன். "இன்றைக்கு உறுதிமொழி மட்டும்தான். யாருக்கு எந்த இலாகா என்பது நாளைக்குத்தான் தெரியும்."

"சீட்ட எடுத்துட்டு எடம் சொல்லாம அனுப்சுட்டாங்களா? இன்னிக்கி அவங்க எப்டி தூங்குவாங்க?"

"சீட்டு இல்லடா. பிரதமர் முடிவு பண்ணுவார்."

"ஒரே ஆளா? சண்ட வராது?"

"வரும். நமக்குத் தெரியாது."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கூட்டணிக் கட்சிகளுக்கு இத்தனை, மாநிலங்களுக்கு இத்தனை, இன்ன சமூகத்துக்கு ஒன்று, பெண்களுக்குச் சில, போன முறை விட்டுப்போனவருக்கு ஒன்று என்று பங்கு போட வேண்டியிருக்கும். ஒரு தலையை எடுத்தால் இன்னொரு பக்கம் சாயும். அதனால் பெரிய பங்குகளை வைத்த பிறகு மிச்ச இடங்களை இணை அமைச்சர்களால் அடைப்பார்கள். சிலருக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு துறைகள் விழும். இடையில் யாருக்காவது இடம் தீர்மானமாகாவிட்டால் இலாகா இல்லாத அமைச்சராகக்கூட வைத்துக்கொள்வது உண்டு என்றும் சொன்னேன்.

அவன் முகம் அன்றைக்கு அப்போதுதான் மலர்ந்தது. "இலாகா இல்லாத மந்திரியா? சம்பளம் உண்டா?"

"உண்டு."

"அண்ணி, கேட்டீங்களா? எடமே இல்லாம பாட்டுல பேரு வெச்சிக்கீறாங்க. எங்க ஊர்ல போய்ச் சொல்றேன் இத்த. படகு இல்லாத ஆளுக்கும் பேரு வெக்கச் சொல்லி."

"சொன்னா சிரிப்பாங்க," என்றாள் என் மனைவி. "சாப்ட்டு போங்க, நாஷ்டா ரெடியா கீது."

மறுநாள் இலாகாப் பட்டியல் வந்தது. அவன் ஊருக்குத் திரும்பாமல் அதற்காகவே தங்கியிருந்தான். பட்டியலை நாளிதழில் இரண்டு முறை படித்தேன். எங்கள் முகத்துவாரத்தைத் தேடினால் அது ஒருவர் கையில் இல்லை. மீன் ஒருவருடையது. கடல்வழியும் துறைமுகமும் இன்னொருவருடையது. தண்ணீர் வேறொருவருடையது. ஏரி பறவைகள் சரணாலயமும் ஆகிவிட்டதால், காடும் சுற்றுச்சூழலும் பார்க்கிற நான்காமவர் ஒப்புக்கொள்ளாமல், வாய் மூடாமலிருக்க அங்கே நிரந்தரமாகக் கல் அடுக்க முடியாது. மண்ணைக் கனிமம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாவதாக ஒருவரும் வருவார். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

"ஒரு வாயிக்கு நாலு மந்திரியா?" என்றான். "எங்களுக்கு நாலு ஊருக்கு ஒரு வாயிதாண்ணா கீது."

நான் இரண்டு பஸ் மாறித் திருவள்ளூருக்குப் போய் கலெக்டர் ஆபீசில் விசாரித்தேன். அந்த வயதில் போயிருக்க வேண்டாம். திரும்பி வந்து மூன்று நாள் முழங்காலுக்குத் தைலம் போட்டேன். அங்கே ஒரு நல்ல மனிதர் உட்காரச் சொல்லி விவரம் சொன்னார். கல் அடுக்கும் திட்டத்துக்கு மற்றவையெல்லாம் ஓரளவுக்கு நகர்ந்திருக்கின்றன, பறவைகளைப் பார்க்கிற துறையின் ஒப்புதல்தான் பாக்கி, அதை டில்லியில்தான் கேட்க வேண்டும் என்றார். ஆகவே நாலு பேரில் யார் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. ஊருக்கும் சொல்லி அனுப்பினேன். நான்காமவர். அவர் ஒருவர்தான்.

ஆனால் டில்லி எங்கே, குப்பம் எங்கே. அந்த நான்காமவர் வருவதற்கு முன்னால் வேறொருவர் வந்தார். தொழிற்பேட்டையில் ஒரு பயிற்சிக்கூடத்தைத் திறக்க, தொழில் சம்பந்தமான ஒரு துறையின் இணை அமைச்சர் வருவதாகப் பேச்சு எழுந்தது. வடக்கே ஏதோ ஒரு மாநிலத்துக்காரர். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரும் தம்பியும் உடனே கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர் இலாகா இது இல்லை என்று நான் சொன்னேன்.

ஊர்த் தலைவர் என்னைவிட இரண்டு வயது பெரியவர். சின்ன வயதில் ஆந்திரப் பக்கத்துக் குப்பங்களில் படகோட்டியவர், எல்லோரையும் நைனா என்பார். "ஏன் நைனா, மந்திரின்னா மந்திரிதான? ஊட்டு வாசலுக்கு வர்றவர உட்டுட்டு ஊட்டுல இல்லாதவரத் தேடச் சொல்றியா?"

போனார்கள். நானும் பின்னால் போனேன். பயிற்சிக்கூடத்தின் வாசலில் தகரப் பந்தல், வெயில், எங்கோ உருக்கும் இரும்பின் வாசனை. வரவேற்புக்கு வந்திருந்த பூமாலைகள் ஒன்பது. எங்கள் ஆட்களிடம் மாலை இல்லை, காய்ந்த இறால் ஒரு பொட்டலம் இருந்தது. காரில் ஏறப்போன அமைச்சர் பொட்டலத்தைப் பார்த்து நின்றார். தம்பி முகத்துவாரத்தைக் கையாலேயே காட்டிப் பேசினான். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மூடிக் காட்டினான். மொழிபெயர்க்க வந்த அதிகாரி சொல்ல, அமைச்சர் கேட்டுக்கொண்டார். பிறகு தம்பியின் தோளில் கை வைத்து இந்தியில் ஏதோ சொன்னார். அதிகாரி தமிழில் சொன்னார்: "இது என்னோட துறை இல்ல. ஆனா இத நான் என் பொறுப்பா எடுத்துக்கறேன்னு சொல்றார்."

உபசார வார்த்தை. ஆலையில் பிரிவு உபசாரக் கூட்டங்களில் இதுபோல நிறையக் கேட்டிருக்கிறேன். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வெயிலில், அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கிய நிமிஷத்தில் அவர் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு எடை. பாட்டில் பெயருள்ள ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் அவன் முறை நாளில் இன்னொருவன் நாலு பேர் எதிரில், "எம் பொறுப்பு" என்பான். அப்புறம் அவன்தான் போய் வலை கட்டி, வந்ததில் பாதியைக் காய்ச்சல்காரன் வீட்டில் கொடுக்க வேண்டும். கொடுப்பான். அந்தப் பேச்சு ஒருமுறை ஆகிவிட்டால் காய்ச்சல்காரன் பெண்டாட்டிகூட மூன்றாவது ஆளிடம் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் அதற்குத் தாண்டிக் கேட்டது என்று பெயர். பொறுப்பு எடுத்தவனை ஊரே நம்பவில்லை என்று ஆகிவிடும். அபராதம் போடுவார்கள், அதைவிட, அப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் பொறுப்பு எடுக்க வரமாட்டார்கள்.

திரும்பும் வழியில் நாலு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து டீ சாப்பிட்டார்கள். எல்லோர் முகத்திலும் களை வந்திருந்தது. தம்பி தன் மகனுக்கு அங்கிருந்தே போன் செய்தான். "படகப் பத்திப் பேசாத. பொறுப்பு எடுத்துட்டாங்க."

அந்த வருஷம் பறவைகள் வந்தன. பூநாரைகள் மட்டும் எண்ணில் அடங்காமல் வந்தன. நானே முயன்று விட்டுவிட்டேன். அப்போதுதான் அந்த நான்காமவர் வருகிறார் என்று செய்தி வந்தது. காட்டையும் பறவையையும் பார்க்கிற, எங்கள் ஒப்புதல் எந்த மேஜையில் கிடக்கிறதோ அந்த மேஜைக்குரிய கேபினட் அமைச்சர். ஏரியில் படகில் போய்ப் பறவை பார்க்கப் போகிறார். அதிகாரிகள் வந்து குப்பத்தின் படகுகளையெல்லாம் பார்த்துவிட்டு, இயந்திரம் அதிகம் இரையாமல் ஓடுகிறது என்று தம்பியின் படகைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இத்தனை அமைச்சர்களில் இந்த ஒருவர், இத்தனை படகுகளில் இந்த ஒன்று. என் வாழ்நாள் கணக்குகளில் இப்படி ஒன்று பொருந்தி நான் பார்த்ததில்லை. முந்தின நாள் சாயங்காலமே குப்பத்துக்குப் போய்விட்டேன். மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் ஊர் கூடியிருந்தது. ஏலம் இல்லாததால் தரை காய்ந்து கிடந்தது.

"இவர்தான் அந்த ஆள்," என்றேன். "இவரிடம்தான் சொல்ல வேண்டும். தம்பி படகில் உட்கார்ந்திருக்கும்போதே மண் மூடிய இடத்தைக் காட்டிச் சொல்லட்டும்."

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவரு பொறுப்பு எடுத்துக்கீறாரே, நைனா."

"அவர் வேறு துறை. இணை அமைச்சர். இவர் கேபினட்."

"சின்னவரா பெரியவரான்றது இல்ல பேச்சு. நாலு பேரு எதுர்ல தோள்மேல கை வெச்சிச் சொன்னாரா இல்லியா? நீயும்தான இருந்த. இப்ப இவருகிட்டப் போய்ச் சொன்னா, அவரு காதுக்குப் போவாதா? ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துல பக்கத்துல பக்கத்துல ஒக்கார்றவங்க."

"பக்கத்தில் உட்கார மாட்டார்கள். இணை அமைச்சர் கேபினட் கூட்டத்துக்கே போவதில்லை. கூப்பிட்டால்தான் போவார்."

"தே, இவுரு டில்லிக்குப் போய் நாற்காலி போட்டுட்டு வந்தாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. "போன தடவ கோயில்ல நீ சொன்னியே, நைனா, அது இன்னா... கூட்டா இன்னாமோன்னு?"

சொல்லியிருந்தேன். அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்பு உடையது, ஒருவர் எடுக்கிற முடிவுக்கு எல்லோரும் பொறுப்பு என்று திருவிழா சமயத்தில் பெருமையாக விளக்கியிருந்தேன்.

"கூட்டுப் பொறுப்பு," என்றேன்.

"அதான். ஒருத்தரு பொறுப்பு எடுத்தா எல்லாரும் எடுத்த மாதிரி. அப்பறம் எதுக்கு இவருகிட்டத் தனியாக் கேக்கறது? தாண்டிக் கேட்ட பேச்சு வேணாம். அவரு செய்வாரு. செய்யலன்னா அடுத்த சுத்துல இவரு எடத்துக்கு அவரு வருவாரு. அவங்களும் எடம் மாறிக்கினுதான கீறாங்க?"

அவர்கள் இடம் மாறுவது பாடு மாறுவது போல இல்லை, அதற்கு முறையும் இல்லை, நாளும் இல்லை, இன்று போனவர் திரும்பி வருவார் என்பதும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு ஊர் முழுக்க, எவனும் நிரந்தரமாக நல்ல இடத்தில் நிற்கக் கூடாது என்று எத்தனையோ தலைமுறையாக வாழ்ந்தவர்கள். நாட்டை ஆள்கிறவர்கள் அதைவிட மட்டமான ஏற்பாட்டில் இருப்பார்கள் என்று அவர்களை நம்பவைக்க என்னால் முடியவில்லை. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "படகில் ஊர்க்காரன் நீ ஒருவன்தான். ஊருக்குத் தெரியவா போகிறது?"

"எனக்குத் தெரியும்ல," என்றான்.

மறுநாள் காலை அமைச்சர் வந்தார். படகில் ஏழு பேர் ஏறினார்கள், தம்பியைச் சேர்த்து எட்டு. படகுக்கு இரண்டு நாள் முன்னால்தான் நீல வர்ணம் அடித்திருந்தான். விற்கப்போகிற படகுக்கு எவன் வர்ணம் அடிப்பான் என்று மகன் என் காதில் முணுமுணுத்தான். நாங்கள் கரையில் நின்றோம். படகு பறவைக் கூட்டத்தின் பக்கம் போய் நெடுநேரம் நின்றது. பிறகு முகத்துவாரத்தை ஒட்டித் திரும்பியது. கடல் இருக்க வேண்டிய இடத்தில் மேடு தட்டியிருந்தது. அதன்மேல் பிள்ளைகள் குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். படகு அங்கே சற்று வேகம் குறைந்ததைப் பார்த்தேன். படகிலிருந்து ஒருவர் எழுந்து பிள்ளைகளைப் படம் எடுத்தார். பிறகு படகு கரைக்கு வந்துவிட்டது.

கார்கள் போன பிறகு கேட்டேன். "ஏதாவது பேசினாரா?"

"கேட்டாருணா. ஒங்களுக்கு இன்னா கஷ்டம்னு கேக்கச் சொன்னாருன்னு அந்த ஆபீசரு கேட்டாரு. அந்த மேட்டாண்டதான் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லிக்கீறோம், அவரு பாத்துப்பாரு, உங்களுக்கு வேற ஒண்ணும் கஷ்டம் குடுக்கலன்னேன்."

"அதை அந்த ஆபீசர் இந்தியில் எப்படிச் சொன்னார்?"

"எனக்கின்னா தெரியும்? மந்திரி சந்தோசமா சிரிச்சாரு. முதுகுல தட்டுனாரு."

தலைவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "மரியாத தெரிஞ்ச ஆளு நம்ம ஆளு," என்றார். ஊரே தலையாட்டியது. மகன் மட்டும் அங்கிருந்து நடந்து போனான். போகும்போது என்னிடம், "பெரிப்பா, நீங்களாச்சும் கத்தியிருக்கலாம்ல," என்றான். கரையிலிருந்து படகு எவ்வளவு தூரம் என்பது அவனுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு விளக்கம் தேவையில்லை. கோடையில் முகத்துவாரம் முழுக்க மூடிக்கொண்டது. தண்ணீர் சூடேறி ஓரமெல்லாம் மீன் செத்து ஒதுங்கியது. மகன் அத்திப்பட்டில் வேலைக்குச் சேர்ந்தான்; முதல் வாரமே முகமும் பனியனும் கரியாக வந்து நின்றான். தனியாகப் படகை வைத்து ஓட்ட தம்பிக்குத் தோள் இல்லை. ஆந்திர எல்லை தாண்டி வந்த ஒருவர் படகையும் வலையையும் சேர்த்து விலைக்கு எடுத்துக்கொண்டார். நீல வர்ணம் அப்போதும் புதிதாக இருந்தது என்று தம்பி மனைவி சொன்னாள்.

அடுத்த சீட்டு எடுக்கும் நாள் வந்தது. தலைவர் அதற்கு முன் தம்பி வீட்டுக்கே போயிருக்கிறார். திண்டாடித்தான் போனார் மனிதர். "முற அது. நான் இன்னா பண்றது?" என்றாராம். இவன், "இலாகா இல்லாத மந்திரின்னு டில்லில வெச்சிக்கீறாங்க, அது மாதிரி எம்பேர மட்டும் வெச்சிக்கோங்க. எடம் வேணாம்," என்று சொல்லியிருக்கிறான். வேடிக்கைக்குத்தான் சொன்னேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். தலைவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, "எடம் இல்லாத பேர எந்த வரிசைல நைனா வெக்கறது?" என்று கேட்டிருக்கிறார்.

சீட்டு எடுத்த அன்று தம்பி கோயிலுக்குப் போகவில்லை. ரயிலேறி என் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரை தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். எந்தச் சேனல் ஓடுகிறது என்றுகூட அவன் பார்க்கவில்லை. நான் கூரை மின்விசிறி சுற்றுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். என் மனைவி மட்டும் அவனுக்கு இரண்டு முறை காபி கொண்டுவந்து வைத்தாள், இரண்டு முறையும் ஆறிய தம்ளரை எடுத்துப் போனாள்.

நான்தான் பழைய நண்பர் ஒருவரைப் பிடித்துத் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கின் வாசலில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக்கொடுத்தேன். லாரி வந்தால் கேட்டைத் திறந்து, போனால் மூட வேண்டும். வார நாள் எங்கள் வீட்டில் தங்குவான். நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் ஒரு விசில். ஏரியில் ஒரு ஆள் வாயில் விரல் வைத்து விசிலடித்தால் எதிர்க்கரையில் கேட்கும். இங்கே இதை ஊதினால் பக்கத்து லாரிக்காரனுக்குக் கேட்பதில்லை என்று சொல்வான்.

போன வருஷமா அதற்கு முந்தினதா, என் கணக்கே இப்போது தடுமாறுகிறது, அமைச்சரவையை மாற்றி அமைத்தார்கள். மாற்றம் வரும் என்று இரண்டு நாளாகவே பேச்சு இருந்தது. அன்று தம்பிக்குச் சாயங்கால ஷிஃப்ட். சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். பதவியேற்பு தொடங்கியது. நான் வழக்கம்போல எண்ணினேன். கேபினட் முடிந்தது. தனிப்பொறுப்பு முடிந்தது. இணை அமைச்சர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவன் எண்ணவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். புதியவர்கள் மட்டும்தான் உறுதிமொழி எடுப்பார்கள், பழையவர் எடுக்கமாட்டார் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கீழே ஓடுகிற வரியில், அன்று காலையே ராஜினாமா செய்தவர்களின் பெயர்கள் வந்தன. தகரப் பந்தலில் காய்ந்த இறாலை வாங்கிக்கொண்ட அந்த இணை அமைச்சரின் பெயர் நடுவில் இருந்தது. தம்பிக்கு அந்த வேகத்தில் படிக்க வராது.

"அவரு வரலியாணா?" என்று கேட்டான்.

"இல்லை."

"பேர எடுத்துட்டாங்களா?"

"எடுத்துவிட்டார்கள்."

"எதுக்காம்?"

"காரணம் சொல்வதில்லை."

திரையில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள நின்றார்கள். நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன்.

"நல்ல மனுசன்," என்றான் தம்பி. "படகு வித்துட்டாரோ இன்னாவோ."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினான்.